வீட்டிற்கு இரண்டாவது கணினி: மடிக்கணினியா, மேசைக் கணினியா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருக்கிறது. அது ஒருவருடைய வேலைக்கே சரியாகப் போய்விடுகிறது. இன்னொன்று வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வருகிறது. இந்த இடத்தில் பலரும் அதிகம் யோசிக்காமல் மற்றொரு மடிக்கணினியையே வாங்கிவிடுகிறார்கள். முதல் கணினிக்குக் கேட்ட கேள்விகளையே இரண்டாவதற்கும் கேட்பதால் வரும் விளைவு அது. முதல் கணினி அலுவலகத்துக்கும் ஊருக்கும் நம்மோடு வர வேண்டியிருந்தது, எல்லா வேலையையும் அது ஒன்றே செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது கணினிக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அதில் யார் உட்காரப் போகிறார்கள், வீட்டில் எந்த இடத்தில் உட்காரப் போகிறார்கள், அது எப்போதாவது வாசற்படி தாண்டுமா என்ற மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

எங்கள் வீடு மதுரை விளாங்குடியில் இருக்கிறது. என் மடிக்கணினி பகல் முழுவதும் அலுவலக வேலையில் இருக்கும். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மாலையில் பாட வீடியோக்களும் மாதிரித் தேர்வுகளும் உண்டு. பணி ஓய்வு பெற்ற அப்பா, எங்கள் ஊர்க் கோயிலின் வரவு செலவுக் கணக்கையும் கடிதங்களையும் தமிழில் தட்டச்சு செய்கிறார். மனைவி தம் அண்ணன் கடையின் ஜிஎஸ்டி கணக்கை இரவில் பார்த்துக் கொடுக்கிறார். மூவரும் வெவ்வேறு நேரத்தில் கணினியைத் தேடுகிறார்கள், மூவருமே அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தேவையில்லாதவர்கள். இவ்வளவு தெளிவாக இருந்தும் நானும் முதலில் இன்னொரு மடிக்கணினிக்குத்தான் விலை விசாரித்தேன்.

என் எண்ணம் மாறியதற்குக் காரணம் என் மடிக்கணினிக்கே நேர்ந்த ஒரு பழுது. 2020-இல் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது அதை மேசை மேல் வைத்துச் சார்ஜரைச் சொருகினேன். அடுத்த மூன்று ஆண்டுகளும் அது பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஒரு மே மாதத்தில் டச்பேடை அழுத்தினால் அமுங்கவில்லை. மேசையில் வைத்தால் நான்கு மூலையும் படியாமல் ஒரு பக்கமாக ஆடியது. மேசைதான் சரியில்லை என்று நினைத்து, காகித அட்டையை நான்காக மடித்து ஒரு மூலைக்கு அடியில் வைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனபோது, அவர் அடிமூடியின் கடைசித் திருகைக் கழற்றியதுமே மூடி தானாக எழும்பியது. உள்ளே தகடுபோல் இருக்க வேண்டிய பேட்டரி, சின்னத் தலையணைபோல் உப்பியிருந்தது. “அண்ணே, இதை இனிமே சார்ஜ்ல போடவே போடாதீங்க” என்று சொல்லி, அதை மிகுந்த கவனத்தோடு எடுத்துத் தனியே வைத்தார்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. நூறு சதவீதத்திலேயே எந்நேரமும் நிரம்பி நிற்பதும் ஆகாது. இரண்டும் சேரும்போது உள்ளே இருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகிறது. அந்த வாயுதான் பேட்டரியை உப்ப வைக்கிறது. இப்போது வரும் பல மடிக்கணினிகளில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நின்றுவிடும்படி அமைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஏற்கெனவே மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்றே அதைத் தேடிப் பார்த்து அமைத்துக்கொள்வது நல்லது. ஆயினும் ஒரு மடிக்கணினியை மேசையிலேயே வைத்து, மின்சாரத்தில் சொருகியே பயன்படுத்தப் போகிறோம் என்றால், அதன் பேட்டரிக்கும் கீல்களுக்கும் எல்லாவற்றையும் இரண்டு விரற்கடை உயரத்துக்குள் அடக்கிய வேலைப்பாட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு, அவற்றின் பயனைப் பெறாமல் அவற்றின் குறைகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது கணினியாக வாங்கப்படும் மடிக்கணினிகளில் பலவற்றின் கதி இதுதான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

மதுரை வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் இங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் தணிவதில்லை. கணினியின் பிராசசர் அறைக் காற்றால்தான் குளிர்கிறது. ஆகவே அறையின் வெப்பத்துக்குக் கீழே அது ஒருபோதும் இறங்க முடியாது. மடிக்கணினியில் அந்த வேலையைச் செய்ய மெல்லிய செப்புக் குழாயும் தகடுபோன்ற சிறு விசிறியும் மட்டுமே உள்ளன. காற்றை உள்ளே இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம் இருப்பதால், மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் அவையும் அடைபட்டுப் போகும். வெப்பம் கூடியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மே மாதத்தில் மடிக்கணினி மந்தமாகிவிட்டது என்று சொல்பவர்கள் வைரஸைத் தேடுவதற்கு முன் விசிறியைப் பார்க்கலாம்.

மேசைக் கணினியில் விசிறி பெரியது, பெட்டிக்குள் இடம் தாராளம். தூசு அதிலும் சேரும். சாலையோர வீடு என்றால் ஆறே மாதத்தில் விசிறி இறக்கைகளில் சாம்பல் நிறப் பஞ்சுபோல் படிந்துவிடும். ஆனால் பின்பக்கம் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடுகிறது. மாடிக்குக் கொண்டுபோய் புளோயரால் ஊதினால் கால் மணி நேர வேலை. ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியில் இதே வேலைக்கு அடிமூடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் பழகாத கைக்கு உடைந்துவிடும்.

உடலுக்கு வரும் வேறுபாட்டை நான் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். மடிக்கணினியில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனிகிறது, கழுத்தை நிமிர்த்த உயர்த்தி வைத்தால் கை தொங்குகிறது. என் மகள் கட்டிலில் சுவரில் சாய்ந்து, மடியில் வைத்து, முகத்துக்கு ஒரு சாண் தள்ளித் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேர மாதிரித் தேர்வு எழுதியதை ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தேன். எழுந்தபோது அவள் கழுத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். 22 அல்லது 24 அங்குல மானிட்டரை, அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்குமாறு, கையை நீட்டினால் விரல் தொடும் தொலைவில் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். வினாத்தாளையும் குறிப்பையும் அருகருகே திறந்து வைத்துக்கொள்ளவும் அந்த அகலம் உதவுகிறது.

கீபோர்டு விஷயத்தில் அப்பாவின் கருத்தே இறுதியானது. அவர் இளமையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் தட்டச்சு கற்றவர். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்னும் கணினித் தட்டச்சு முறைக்கு அவர் விரல் மாறவே இல்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ் தட்டச்சு மென்பொருள்களில் பழைய தட்டச்சு முறையும் இருப்பதால் அதில் சிக்கலில்லை. அவருக்குச் சிக்கல் மடிக்கணினியின் தட்டைக் கட்டைகளில்தான். அழுத்தியது பதிந்ததா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை என்பார். மனைவிக்கோ வலப்பக்கம் எண்கட்டைகள் தனியாக வேண்டும். 14 அங்குல மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முழு அளவுக் கீபோர்டு இருவர் குறையையும் ஒரே நேரத்தில் தீர்த்துவிடுகிறது.

இனி மடிக்கணினி நேர்மையாகவே வெல்லும் இடத்துக்கு வருகிறேன்: மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் காலையில் நிறுத்தினால் பிற்பகலோ மாலையோ ஆகிறது. கோடை மழைக் காற்றில் போவது தனி. மடிக்கணினி தன் பேட்டரியில் மூன்று, நான்கு மணி நேரம் அமைதியாக ஓடும். மேசைக் கணினி இன்வெர்ட்டரை நம்ப வேண்டும். அதன் கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுப் பார்த்தேன். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு ஏட்டின்படி 1,800 வாட்-மணி. அதில் நடைமுறையில் எடுக்க முடிவது 1,200 அளவு என்று வைத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறி மூன்று, 20 வாட் எல்இடி விளக்கு இரண்டு என்றால் 265 வாட். ஏறத்தாழ நாலரை மணி நேரம் வரும். அதோடு மானிட்டர் உட்பட 95 வாட் எடுக்கும் மேசைக் கணினியைச் சேர்த்தால் 360 வாட் ஆகி, நேரம் மூன்றேகால் மணியாகச் சுருங்கிவிடும். வெயில் நாளில் விசிறி ஓடும் நேரத்தில் ஒரு மணிக்கும் மேல் குறைவது சின்ன விஷயமில்லை.

இதோடு மின்சாரம் மாறும் கணத்தில் வரும் தொல்லையும் ஒன்று உண்டு. மின்தடை ஏற்பட்டு இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் அந்த மின்னல் இடைவெளியில் மேசைக் கணினி அணைந்து மறுபடி எழலாம். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு பொத்தான் இருக்கும். யூபிஎஸ் மோடில் மாறும் நேரம் மிகக் குறைவு என்பதால் கணினி பொதுவாக அணைவதில்லை. எங்கள் இன்வெர்ட்டர் ஆண்டுக்கணக்கில் ஈகோ மோடில் இருந்ததை இந்த விசாரணையில்தான் கண்டேன். வீட்டு மின்சாரம்போலச் சீரான அலையில் மின்சாரம் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பதும் முக்கியம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்களோடு சில கணினிகளின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே உள்ள பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) ஒத்துப்போவதில்லை. இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் 600 விஏ யூபிஎஸ் ஒன்று தனியாக வாங்க வேண்டும். அதுவும் வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கான பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் உதவும். நாள்தோறும் மின்சாரம் போகும் ஊராகவும் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாமலும் இருந்தால், மேலே சொன்ன காரணங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மடிக்கணினியே வாங்குவது சரி.

மின்கட்டணத்தில் வேறுபாடு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 95 வாட் மேசைக் கணினிக்கு இரண்டு மாதத்தில் 28 யூனிட்டுக்குச் சற்று மேல். 30 வாட் மடிக்கணினிக்கு 9 யூனிட். இடைவெளி 20 யூனிட் அளவுதான். ஆனால் இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் வீட்டுக் கட்டணப் படிநிலையே மாறிவிடும் என்பதால், ஏற்கெனவே 490-ஐ ஒட்டி நிற்கும் வீட்டார் இந்த 20 யூனிட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழுதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மேசைக் கணினியில் கெடும் பொருள் எதுவோ அதை மட்டும் மாற்றலாம். எஸ்எம்பிஎஸ் போனால் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அன்றைக்கே வாங்கி மாலைக்குள் பொருத்திவிட முடியும். மடிக்கணினியில் ஒரு கட்டை போனாலும் சில மாடல்களில் மேல்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டும். மதர்போர்டு போனால் சொல்லப்படும் தொகையைக் கேட்டுப் புதியதே வாங்கிவிடலாம் என்று திரும்பி வருபவர்கள் உண்டு. மெல்லிய பல மடிக்கணினிகளில் ரேம் (தற்காலிக நினைவகம்) மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் வாங்கிய நாளில் இருந்த அளவே கடைசிவரை. 2025-இன் இறுதி மாதங்களிலிருந்து, செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை காரணமாக, ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையில், மேசைக் கணினியில் இப்போதைக்கு 8 ஜிபியோடு தொடங்கி விலை இறங்கியபின் கூட்டிக்கொள்ள வழி இருப்பது பெரிய ஆறுதல்.

அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரன்டி தனித்தனி என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பிராசசர், மதர்போர்டு, மானிட்டர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு கிடைக்கிறது. ஆனால் பில்லில் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருந்தால்தான் அது கைக்கு வரும். “மொத்தமாக ஒரு சிஸ்டம்” என்று ஒற்றை வரியில் தரும் பில்லை ஏற்கவே கூடாது.

விலையை ஒப்பிடும்போது மேசைக் கணினியின் பக்கம் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ள இடமுண்டு. கடைக்காரர் சொல்வது சிபியு பெட்டியின் விலை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வெப்கேம், ஸ்பீக்கர், வைஃபை அடாப்டர், தேவையானால் யூபிஎஸ், போதாததற்கு ஒரு மேசை என்று சேர்த்துக்கொண்டே போனால், மலிவு என்று நினைத்தது மடிக்கணினியின் விலையை எட்டிவிடும். மடிக்கணினியிலோ இவற்றில் பெரும்பாலானவை உள்ளேயே இருக்கின்றன. எங்கள் வீட்டில் மேசை இருந்தது, இன்வெர்ட்டர் இருந்தது. அதனால்தான் கணக்கு ஒத்துவந்தது. இவை இல்லாத வீட்டில் விலைக்காக மட்டும் மேசைக் கணினியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியலில் மானிட்டருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது இரண்டாவது கணினிக்கு மட்டும் வாங்கப்படுவதில்லை. பகலில் அந்த மேசையில் யாரும் இல்லாத நேரத்தில் என் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் அதே மானிட்டரில் இணைத்துக்கொள்கிறேன்; என் கழுத்தும் நிமிர்ந்தது. இரண்டாவது மடிக்கணினி வாங்கியிருந்தால் முதலாவதற்கு அதனால் எந்த நன்மையும் வந்திருக்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மதுரை போன்ற ஊருக்கு அதுவே மிகப் பொருந்தும் என்பது என் முடிவு. மினி பிசி எனப்படும் சிறு மேசைக் கணினி, ஒரு சாண் சதுரமும் இரண்டு விரல் கனமும் உள்ளது. மானிட்டரின் முதுகிலேயே திருகிப் பொருத்திவிடலாம். மடிக்கணினிகளில் வரும் வகைப் பிராசசரும் ரேமும் அதில் இருக்கும். சாதாரண வேலையில் மானிட்டரோடு சேர்த்தும் 40 வாட் அளவில் நின்றுவிடுவதால், மேலே போட்ட இன்வெர்ட்டர் கணக்கில் நாலரை மணி நேரம் என்பது நான்கு மணிக்குச் சற்றுக் கீழேதான் இறங்குகிறது. பேட்டரி இல்லை, உப்பாது. ரேமையும் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் பெரும்பாலான மாடல்களில் மாற்றலாம். பெரிய விளையாட்டுகளுக்கும் கனமான வீடியோ எடிட்டிங்குக்கும் இது ஆகாது. அதற்கு முழு அளவுப் பெட்டிதான் வேண்டும். திரைக்குள்ளேயே கணினி அடங்கிய ஆல் இன் ஒன் வகையை நான் பரிந்துரைக்கவில்லை. திரை கெட்டால் கணினியும், கணினி கெட்டால் திரையும் சேர்ந்து முடங்கும்.

நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைச் சிறு கணினிகள் பழைய சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிவாக வருவதற்கு இதுவே காரணம். பிராசசர் பெயரில் ஐ5-8500 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, ஐ5-6500 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை. இந்த நான்கு இலக்க எண்களின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வங்கி, ஜிஎஸ்டி வேலைகள் நடக்கும் கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத விண்டோஸை வைத்திருக்கக் கூடாது.

மகள் கல்லூரிக்குப் போகும்போது மடிக்கணினி வேண்டுமே, இப்போதே வாங்கிவிட்டால் என்ன என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வாரன்டியும் பேட்டரியின் வயதும் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன. இப்போது வாங்கினால் அவள் விடுதிக்குப் போகும்போது பலவற்றின் ஓராண்டு வாரன்டி தீர்ந்திருக்கும், பேட்டரியும் தேய்ந்திருக்கும்; அவள் எந்தப் படிப்பில் சேர்வாள் என்பதும் இன்று தெரியாது. கட்டடக் கலைக்கு வேண்டிய கணினி வேறு, வணிகவியலுக்கு வேண்டியது வேறு. சேரும் மாதத்தில் வாங்கித் தருவதாக அவளிடமே சொல்லிவிட்டோம். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும், சில மாதம் பொறுத்து ஒரே மடிக்கணினியாக வாங்கிக்கொள்ளலாம்.

அதேபோல், ஒற்றை அறையில் குடும்பமே இருக்கும் வாடகை வீட்டில் மேசைக்கு இடம் தேடுவது கடினம். வாரம் ஒரு முறை உசிலம்பட்டிக்கோ திருமங்கலத்துக்கோ ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கி வேலை பார்ப்பவருக்கும், 2023-இல் புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நாள்தோறும் போய்ப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் மேசைக் கணினியால் பயனில்லை. அவர்களுக்கு இரண்டாவது கணினியும் மடிக்கணினியாகவே இருக்கட்டும்.

நாங்கள் கடைசியில் வாங்கியது எட்டாம் தலைமுறை மினி பிசி ஒன்றும் 22 அங்குல மானிட்டர் ஒன்றும். கூடத்தில், சன்னல் வெளிச்சம் திரையில் விழாத மூலையில், சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு மேசையைப் போட்டிருக்கிறோம். முழு அளவுப் பெட்டி வாங்குபவர்களுக்கு ஒன்று: பின்பக்கம் காலியாக இருக்கும் நீளத் துளைகளைத் தகடு வைத்து மூடச் சொல்லுங்கள். வெதுவெதுப்புத் தேடிப் பல்லி அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. என் நண்பர் வீட்டில் எஸ்எம்பிஎஸ் இருமுறை கருகியதற்கு அதுவே காரணம். கடையில் கேட்டால் அந்தத் தகட்டைக் காசில்லாமலே தருவார்கள்.